நடு அலை

பிப்ரவரி 18. ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். களிமண் சூளையில் சுடும்போது பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்று மாலை வகுப்பில் எழுதிக்கொண்டவள்தான், கண்காட்சிச் சுவரில் எங்கள் களிமண் கடலின் நடு அலைக்கு இடம் குறிக்கும்போது அதைக் கழிக்க மறந்துவிட்டேன். சுற்றிலும் விரலகல இடைவெளி. கிளிஞ்சல் பதித்து மறைத்தேன். அந்த வேலை முடிந்தபோது, எப்போதும் அளவு பார்ப்பதால் என்னை ‘ஸ்கேலு’ என்றே கூப்பிடும் அண்ணி கண்காட்சிக் கூடத்துக்கு வந்தார். பேசியதை நினைவிருக்கும்வரை எழுதுகிறேன்.

— இதுல எது நான்?

— அண்ணி, முதல்ல உக்காருங்க. தனியாவா வந்தீங்க? இந்த ஸ்டூல்ல சிமெண்ட் காஞ்சிருச்சு, ஒட்டாது.

— உக்கார வரல ஸ்கேலு. நாளைக்குத் திறக்குறாங்களாமே. அதுக்கு முன்னாடி என்னோடதை எடுத்துட்டுப் போக வந்தேன். எதுன்னு காட்டு.

— காட்டுறேன், இருங்க. இடது பக்கத்துல இருந்து வரேன், இல்லன்னா மாத்திச் சொல்லிடுவேன். இந்தச் சின்ன அலை பஸ் கண்டக்டர் அக்காவோட தோள். அடுத்தது டீச்சரோட முதுகு. இது தையல்காரம்மா முழங்கை...

— உன்கிட்ட வழி கேட்டா ஊரையே சுத்திக் காட்டுவ. எது நான்?

— நடுவுல இருக்கறது. கடலைப் பொம்பளையா வரைஞ்சவங்க எல்லாரும் ஒரு கோடு இல்லாம வழவழன்னு வரைஞ்சாங்கன்னு டீச்சர் சொல்வாங்க அண்ணி. நாம நம்ம உடம்பு மேலயே மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்து, அதுல களிமண்ணை அழுத்தி, தழும்போட சுருக்கத்தோட கடல் செய்வோம்னாங்க. உங்க வயித்துக் கோடெல்லாம் பாருங்க. நீலப் பூச்சு அதுல தேங்கி நின்னு...

— பாத்தேன். இது நான் இல்ல.

— நீங்கதான். பின்னாடி நம்பர் போட்டுத்தான் சூளைக்குள்ள வச்சேன்.

— என் வயிறு இதைவிடப் பெருசு. எட்டு மாசம் முடிஞ்சப்ப நீ அச்சு எடுத்த. உன் ரெண்டு கையும் சுத்தி எட்டல. "மூச்சை இழுக்காதீங்க, அளவு மாறுது"ன்னு என்னையே அதட்டுன. உள்ளேருந்து ஒரு உதை விழுந்துச்சு பாரு, ஈரத்துணியை என் கால் மேலயே போட்டுட்டு ஓடுன.

— சூளையில சுருங்கிடும் அண்ணி. மண்ணோட குணம் அது. பத்துல ஒரு பங்கு.

— அப்ப இது ஏழாம் மாசம்.

— அண்ணி, வேணாம்...

— ஏழாம் மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. டாக்டரே சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அச்சு எடுத்து ரெண்டு வாரம் கழிச்சுத்தானே துடிப்பு நின்னுச்சு. சரி, எடு. பை கொண்டு வந்திருக்கேன்.

— எடுக்க முடியாது. டைல்ஸ் ஒட்டுற பசை. நேத்தே இறுகிடுச்சு. நெம்பினா நொறுங்கிடும்.

— யாரைக் கேட்டு ஒட்டுன?

— அண்ணன்கிட்ட கேட்டேன்.

— என் வயித்துக்கா?

— நீங்க சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தீங்க. அதைப் பேச எனக்கு வாய் வரல. அண்ணன்தான், "ஒட்டிடு, வீட்டுக்கு மட்டும் கொண்டு வராத"ன்னாரு.

— நல்லா இருக்கு உங்க வகுப்பு. பொம்பளைங்க உடம்பைச் சுவர் முழுக்க ஒட்டுவீங்க, சம்மதம் மட்டும் புருஷன்கிட்ட வாங்குவீங்க.

— தப்புதான். டீச்சருக்கு இதெல்லாம் தெரியாது, நான் சொல்லல. இன்னொண்ணு செஞ்சு தரலாம்னு பாத்தா அந்த அச்சும் இல்ல. ஊறி நசுங்கிடுச்சு, தூக்கிப் போட்டாச்சு. என்ன செய்யறதுன்னே தெரியல அண்ணி. ஒரு துணி போட்டு மூடட்டுமா?

— எதுக்கு மூடணும்? நான் உடைக்க வந்தேன்னு நினைச்சியா?

— பின்ன?

— ஆஸ்பத்திரியில எனக்குக் காட்டவே இல்ல ஸ்கேலு. அவ தாங்க மாட்டா, காட்டாதீங்கன்னு உங்கண்ணன் சொல்லிட்டாராம். துணியில சுத்தி வெளிய கொண்டு போயிட்டாங்க. மூக்கு யாரு மாதிரின்னு நர்ஸைக் கேட்டேன். "கவனிக்கலம்மா"ன்னாங்க. அது இருந்த இடம்னு இது ஒண்ணுதான் இருக்கு. மடியில கவுத்து வச்சு உள்ள கையை விட்டுப் பாக்கணும். அவ்வளவுதான். நீ ஏன் அழுவுற? முழுசா எடுக்க வேணாம். ஓரத்துல கொஞ்சம் நெம்பு. உடைஞ்சா என்னோடதுதானே உடையும். கை நுழையற அளவு வழி விடு, போதும்.

— உள்ள இடமில்ல அண்ணி. யாராவது சாஞ்சா உடைஞ்சிடும்னு, ஒட்டறதுக்கு முன்னாடி நான்தான் உள்ள சிமெண்ட் போட்டு நிரப்பினேன்.

நாளை: பத்து மணிக்குத் திறப்பு. அதற்கு முன் போய் சுவரை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.