முதலைக் கம்பு

காலையில் பறவை படம் எடுக்கப் போகிறவன் தேத்தண்ணீர் குடிக்கக் கூடாது, சேர். குடித்தால் ஒரு மணி நேரத்தில் எழும்ப வேண்டி வரும். எழும்பினால் நாரை பறந்துவிடும். உங்கள் கொன்ஸ்டபிள் தந்த கோப்பையை நான் தொடாதது அதனால்தான். பழக்கம், வேறொன்றும் இல்லை. அவர் மனம் நோக வேண்டாம்.

என் பெயர் காலிதீன். கல்முனைக்குடியில் ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடும் பாஸ்போட் படமும் தொழில். ஆசை என்றால் பறவைகள்தான். கிழமையில் நாலு நாள், வயல் முடிந்து பன்புல் தொடங்குகிற சதுப்பில், சேற்று வரம்பில் குப்புறப் படுத்திருப்பேன். கூட்டுக்குக் கிட்டப் போகமாட்டேன். கோழிக்குஞ்சைக் கயிற்றில் கட்டி வைத்துப் பருந்தை இறக்கிப் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் கதைப்பதே இல்லை. உயிருள்ள ஒன்றை இரையாக வைக்கிறவனுக்குக் கமராவைத் தொடவே தகுதி இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கோணாமலை அண்ணனைப் பற்றிக் கேட்டீர்கள். பாண்டிருப்பு ஆள். ஐம்பத்தெட்டு வயது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து நடந்து வீச்சு வலை எறிகிறவர். அவர் நடந்தால் சேறு கலங்கும், செப்பலி மீன்குஞ்சுகள் மேலே வரும். அதைக் கொத்துவதற்காக நாரையும் கொக்கும் கரண்டிவாயனும் அவருக்குப் பின்னால் வரிசையாக வரும்.

"பாரு காலி, என்ட பொண்டாட்டி கூட இப்பிடிப் பின்னால வந்ததில்ல," என்பார். "இதுகளுக்குச் சீல வாங்கிக் குடுக்கவும் தேவல்ல."

அந்தச் சதுப்பில் வலை எறிகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலையைக் கண்டவன் அந்த இடத்தில் ஒரு கம்பை நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். முதலைக் கம்பு என்பார்கள். நட்டவன்தான் அதைப் பிடுங்கலாம். மூன்று நாள் பார்த்து, முதலை போய்விட்டது என்று அவனுக்கு நிச்சயமான பிறகு பிடுங்குவான். தமிழ் ஆள் நட்டதும் ஒன்றுதான், எங்கள் முஸ்லிம் ஆள் நட்டதும் ஒன்றுதான். கம்பு நின்றால் யாரும் இறங்கமாட்டார்கள். கம்பு இல்லையென்றால் யோசிக்காமல் இறங்குவார்கள். இதை எனக்குச் சொன்னவரே கோணாமலை அண்ணன்தான்.

மார்கழி வெள்ளத்தோடு ஒரு முதலை வந்தது. பதினொரு அடி இருக்கும். அது ஒரு நாரையைப் பிடிக்கிற நொடியை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கொழும்பில் ஒரு படப் போட்டி நடக்கிறது. என் படம் மூன்று தடவை போய் மூன்று தடவையும் முதல் சுற்றோடு நின்றுவிட்டது. நாரை நிற்கிற படம் எல்லோரிடமும் இருக்கிறது, சேர். நடுவர்களுக்கு அது சலித்துப்போய்விட்டது.

முதலை எங்கே எழும்பும் என்று தெரியாமல் படம் எடுக்க முடியாது. ஆகவே மூன்று கிழமை, கோழிக் கடைக் குடலை வாளியில் கொண்டுபோய், ஓடை வந்து சேருகிற மூலையில் போட்டேன். செத்த குடல்தான், உயிருள்ளது எதுவுமில்லை. நாலாம் கிழமை முதலைக்கு நேரம் பிடிபட்டுவிட்டது. காலை ஆறு மணிக்கு அந்த மூலையில் கிடக்கும்.

அப்போதுதான் கலந்தர் காக்கா அதைக் கண்டுவிட்டார். அவர் எங்கள் ஊர். அண்ணனை நாங்கள் காக்கா என்போம். கோணாமலை அண்ணனோடு இருபது வருடம் ஒரே தண்ணீரில் வலை எறிந்தவர். கண்ட கையோடு கம்பை நட்டார். சிவப்புத் துணி கிடைக்காமல், மகள் ஹிமாயா பள்ளி விளையாட்டுப் போட்டியில் தோளில் போட்ட துணியைக் கட்டியிருந்தார். நடுவில் மஞ்சள் பிறை தைத்த துணி.

என் நிலைமையை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் சரி, முதலை சரி. ஆனால் கம்பு நின்றால் ஆள் இறங்காது. ஆள் இறங்காவிட்டால் சேறு கலங்காது, நாரை வராது. போட்டி முடிவதற்கோ ஐந்து நாள்தான் இருந்தது.

ஐந்து நாற்பதுக்குக் கம்பைப் பிடுங்கினேன். அதைத் திரும்ப நடும் எண்ணம் எனக்கு இருந்தது. வரம்பில், என் பையோடு சேர்த்து, நான் மறைந்துகொள்ளும் பச்சை வலையால் மூடி வைத்தேன்.

ஆறு மணிக்குக் கோணாமலை அண்ணன் வந்தார். வரம்பில் நின்று தண்ணீரை நன்றாகப் பார்த்தார். கவனமான மனிதர். வலை எறிகிறவர்கள் எல்லோரும் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள், வரம்பைப் பார்ப்பதில்லை. வெயில் அப்போதுதான் முகத்தில் விழுந்தது. ஒரு படம் எடுத்தேன். சிரித்தார்.

"கலந்தர் இஞ்சால கம்பு நட்டிரிக்கான் எண்டு சந்தையில ஒருத்தன் சொன்னான். ஒண்டையும் காணல்லயே?"

"கம்பு இல்லாட்டி முதலை இல்லதானே அண்ணன்," என்றேன்.

"ஓம். அவன் சும்மா நடவும் மாட்டான், சும்மா புடுங்கவும் மாட்டான்."

இறங்கினார். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களுடைய வழக்கத்தைத்தான் சொன்னேன்.

எட்டு நாரைகள் இறங்கின. அவர் வலையை உதறி எறிந்து, இழுத்து, இரண்டு அடி வைத்து மறுபடி எறிந்தார். பறவைகள் அவரை ஒட்டியே வந்தன. லென்ஸில் முதலையின் கண் இரண்டும் தெரிந்தன. அவருக்குப் பின்பக்கம், பத்து யார் தூரம் இருக்கும். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், கேட்டிருப்பார். ஆனால் எட்டு நாரையும் பறந்திருக்கும். முதலைக்குக் கிட்ட நின்றது நாரைதான், ஆகவே நாரையைத்தான் பிடிக்கும் என்று கணித்தேன். கணிப்புப் பிழைத்துவிட்டது. இது எவருக்கும் நடக்கக் கூடியது.

அவர் என் பெயரை ஒரு தடவை கூப்பிட்டார். பதினாலு படம் எடுத்திருந்தேன். அதன் பிறகு ஓடிப்போய் ஆட்களைக் கூட்டி வந்ததும் நான்தான். கம்பை முறித்து ஆற்றுவாழைப் பற்றைக்குள் எறிந்துவிட்டு, துணியைப் பையில் திணித்துக்கொண்டுதான் ஓடினேன். துணி அன்றைக்கே அடுப்பில் எரிந்துவிட்டது.

மையித்து வீட்டுக்கு, அதாவது அவர்களுடைய செத்த வீட்டுக்கு, நானும் போனேன். கலந்தர் காக்காவும் வந்தார். கோணாமலை அண்ணனின் மனைவி நேசம்மா எல்லோருக்கும் முன்னால் அவரைக் கேட்டார்.

"காக்கா, கம்பு நட்டீங்களா இல்லையா?"

"அல்லாஹ் அறிய நட்டன் தங்கச்சி. புள்ளைட துணியக் கட்டித்தான் நட்டன்."

"அப்ப எங்க அந்தக் கம்பு?"

காக்கா முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். முற்றத்தில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான்தான் காக்காவின் தோளைப் பிடித்து, மோட்டார் சைக்கிளில் ஏற்றி வீட்டில் விட்டேன். வழியில் கேட்டார்: "காலி, நான் நட்டனான்தானே? இப்ப எனக்கே ஐமிச்சமா இரிக்கு."

"வயசு போகுது காக்கா. மறதி வரும்தான்," என்றேன்.

அதற்குப் பிறகு அவரோடு யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. அவர் வலையை முகட்டில் செருகிவிட்டு, வீட்டுக்குள்ளேயே இருந்தார். தொழுகைக்குப் போனாலும் கடைசி வரிசையில் நின்று, முதல் ஆளாக வெளியேறுவார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு முன் நேசம்மா ஸ்ரூடியோவுக்கு வந்தார். சந்தைச் சந்தியில் நினைவுப் பதாகை கட்டப் படம் வேண்டும் என்றார். "சிரிச்ச மாதிரி ஒண்டு இரிந்தாத் தாங்க தம்பி. எங்கக்கிட்ட இரிக்கிறதெல்லாம் அடையாள அட்டப் படம். கள்ளனப் புடிச்ச மாதிரி முழிச்சிக்கிட்டு இரிக்கார்."

என்னிடம் அவருடைய படம் நூறுக்கு மேல் இருந்தது. கடைசிக் காலையில் எடுத்ததைக் கொடுத்தேன். ஏன் என்று கேட்கிறீர்கள். வெளிச்சம், சேர். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளவா தரம் குறைந்த படத்தைக் கொடுப்பது? உண்மையைச் சொன்னால், அதில் வேறு எதுவும் இருப்பதாக நான் பார்க்கவே இல்லை. முகத்தைத்தான் பார்த்தேன்.

பதாகை எட்டு அடி உயரம். பள்ளி விட்டு வந்த ஹிமாயா அதன் கீழே நின்றுவிட்டாள். கோணாமலை அண்ணனின் முழங்காலுக்குப் பின்னால், பச்சை வலைக்கு வெளியே, ஒரு சாண் சிவப்பும் அதில் ஒரு மஞ்சள் பிறையும் தெரிந்தன. அவளுடைய உம்மா தைத்த பிறை. அவளுக்குத் தெரியாதா?

பின்னேரம் கலந்தர் காக்கா மகளோடு ஸ்ரூடியோ வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. ஏசவும் இல்லை.

"காலி, எனக்கு வயசு போகல்ல," என்றார்.

அதை மட்டும் சொல்லிவிட்டு நேரே உங்களிடம் வந்தார். நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. குடல் போட்டது நான். கம்பைப் பிடுங்கியது நான். கண்டும் சத்தம் போடாமல் இருந்தது நான். கலந்தர் காக்கா நட்டார் என்பது எனக்குத் தெரியும். தேவையென்றால் நேசம்மாவுக்கு முன்னாலும் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்றில்தான் உங்களோடு ஒத்துப்போக முடியாது. நீங்கள் என் கணினியிலிருந்து எடுத்த அந்தப் படம், முதலை வாய் திறந்து எழும்ப எட்டு நாரையும் சிதறுகிற படம், கடைசிச் சுற்றுக்குத் தெரிவாகியிருக்கிறது. வலது மூலையில் வலையின் ஓரம் கொஞ்சம் தெரியும். தண்ணீர் தெறிக்கிறது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். மிச்சத்தை வெட்டிவிட்டேன். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: உயிருள்ள இரை எதுவும் பயன்படுத்தப்பட்டதா? இல்லை என்று அடையாளம் போட்டேன். அது பொய் என்று என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். கையெழுத்து வைக்கிறேன்.

நான் எதையும் கட்டி வைக்கவில்லை, சேர். அவர் தன் காலால் நடந்துதான் இறங்கினார்.