மலர்வளையத்துப் பெயர்

“ஹலோ… ஹலோ, ஹெஃபா… இல்ல, நான் ஒரு வார்த்தை… நீங்க சொன்னதையேதான் நானும்… ஐயோ, ரெண்டு பேரும் ஒண்ணாக் கத்துனா யாருக்கு என்ன கேக்கும்?… சரி. சரி, நீங்களே பேசுங்க. நான் வாயைத் திறக்கல.”

தியோஃபிலோ கைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அப்படியும் நெரெய்தாவின் குரல் முற்றத்துக் கோழிகள் வரைக்கும் எட்டியது. கடலுக்கு அந்தப் பக்கம், வடக்கே, கிளப்பின் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு இளம் ஆட்டக்காரர்களில் யார் மேலே போவது, யார் வீட்டுக்குப் போவது என்று முடிவு கட்டுகிறவள் அவள். வயதில் இளையவள்தான். ஆனாலும் இங்கே கிளப் நடத்துகிற பேஸ்பால் பள்ளியில் காவலாளி முதல் பொறுப்பாளர் தியோஃபிலோ வரைக்கும் எல்லோருக்கும் அவள் ஹெஃபா, தலைவி.

“ஆமா… ஆமா, ஆமா… நான்தான் சொன்னேன். போன வாரம் வரைக்கும் யாமில், யாமில்னு உங்க காதைத் தின்னது நான்தான். இப்ப அவன் வேண்டாம்னு சொல்றதும் நான்தான்… குடிக்கல. சத்தியமாக் குடிக்கல, ஹெஃபா. யாமில் வீட்டு ஜெபத்துல நிக்கிறேன், இங்க இஞ்சித் தண்ணியும் பிஸ்கோத்தும்தான்… பந்து வீசுறவங்களுக்கு ஒரே ஒரு இடம்தான் பாக்கி, தெரியும். சாயங்காலத்துக்குள்ள பேர் குடுக்கணும், அதுவும் தெரியும்… தாரியேலை அனுப்புங்கன்னுதான் சொல்றேன்… சிரிக்காதீங்க. அவன் சட்டை அவன் மேல இல்ல, ஆணியில மாட்டின மாதிரித்தான் தொங்குது, ஒத்துக்கறேன். ஆனா வயசு பதினெட்டு. எலும்புல இன்னும் இடம் இருக்கு. சோறு போட்டா இன்னும் நாலு மைல் வேகம் வரும்…”

மாமரத்து நிழலில் பலகை போட்டு நாலு பேர் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். தியோஃபிலோ பேசுவது காதில் விழாதது போல் கட்டையை ஓங்கி அறைந்து வைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கரும்புக் காடு. அதற்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், இகுவாமோ ஆறு.

“கையில ஒண்ணும் இல்ல… தோளும் நல்லாருக்கு, முழங்கையும் நல்லாருக்கு. எக்ஸ்ரே படமெல்லாம் எடுக்க வேண்டாம்… ஆமா, நான் எழுதினதுதான், படிங்க… ம்… ம்… ‘பதினஞ்சு வயசுல நான் பார்த்தப்ப அருமையான வளைவுப் பந்து போட்டான். ஒப்பந்தத்துக்கு அப்புறம் அந்தப் பந்து காணாமப் போயிடுச்சு. வளர்ற பையன், விரல் நீளுது, கை மாறுது, தானாத் திரும்பி வரும்.’ ஆமா. என் வார்த்தைதான்… வந்துச்சே. போன மாசம் வந்துச்சே… யார் கத்துக் குடுத்ததா?”

அவர் கைபேசியை மறு காதுக்கு மாற்றினார்.

“…யாரும் இல்ல. பயிற்சியாளரைக் கேட்டேன், நான் தொடவே இல்லைங்கிறாரு.”

போன மாதம் அந்தப் பந்து விழுந்த அன்றைக்கு வலைக்குப் பின்னால் நின்றிருந்தவர் தியோஃபிலோ. மட்டைக்காரனின் தோள் உயரத்துக்கு வந்து, திடீரென்று தரையில் குழி திறந்தது போல் கீழே இறங்கியது. இதே பந்தை ஆற்றோரத் திடலில் பதினைந்து வயசுப் பையன் ஒருவன் போட்டபோது அவர் பார்த்திருந்தார். உலகத்தில் அப்படி இறங்குகிற பந்து ஒருவன் கையில்தான் இருக்க முடியும். பார்த்தீர்களா, நான் சொன்னேனே, திரும்பி வந்துவிட்டது என்று பள்ளி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். திரும்பி வந்தது யார் என்பதுதான் அன்றைக்கு அவருக்குத் தெரியவில்லை.

“ஹலோ… இருக்கேன், இருக்கேன்… வந்துச்சு, உங்க மலர்வளையம் வந்துச்சு. நானே பூக்கடையில நின்னு கட்ட வச்சு, மடியில வச்சுத் தூக்கிட்டு வந்தேன்… ரிப்பன்ல நீங்க சொன்ன மாதிரியேதான். ‘எலியேசருக்கு, கிளப் குடும்பத்தின் கண்ணீரோடு.’ தங்க எழுத்து… ஆமா, ஆமா, ஆட்டக்காரனோட அண்ணனுக்கு வருஷ ஜெபம்னா கிளப் பேர்ல பூ போகணும், நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லல… யாரு வாங்கிக்கிட்டாங்கன்னா…”

குரல் இறங்கிவிட்டது.

“யாமில்தான் வாங்கிக்கிட்டான். வாசல்லயே.”

வாங்கிக்கொண்டதை நெரெய்தா பார்க்கவில்லை. அவர் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கி, ரிப்பனை விரித்து, ஒவ்வொரு எழுத்தாய்த் தடவிப் பார்த்தான். தன் பெயரை முதல்முதலாக அச்சில் பார்க்கிற பிள்ளை தடவுமே, அப்படி. உள்ளேயிருந்து அவன் அம்மா தோனியா ஃபியோர் ஓடி வந்து அந்த ரிப்பனைப் பிடுங்கிக் கிழித்தாள். கிழித்துவிட்டு, வாசல் மண்ணிலேயே உட்கார்ந்து, யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று எல்லாவற்றையும் தியோஃபிலோவிடம் சொன்னாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆற்றோடு போனவன் அண்ணன் இல்லை. தம்பி. கிளப்போடு ஒப்பந்தம் ஆகவிருந்த யாமில். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. அண்ணன் எலியேசரும் பந்து வீசுகிறவன்தான்; ஆனால் பத்தொன்பது வயசு ஆனவனை எந்தக் கிளப்பும் திரும்பிப் பார்க்காது. அதனால் அண்ணன் பெயரில் தம்பியைப் புதைத்தார்கள். தம்பி பெயரில் அண்ணன் போய்க் கையெழுத்துப் போட்டான். இந்த வீட்டுத் தகரக் கூரை அந்த ஒப்பந்தப் பணத்தில் வந்தது. குடியிருப்பு முழுக்கத் தெரியும். தெரியாமல் இருந்தது கிளப்புக்கு மட்டும்தான்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து, எலியேசரின் ஆத்மா இளைப்பாறட்டும் என்று ஜெபம் நடக்கிறது. உயிரோடு இருக்கிற எலியேசர் முட்டி போட்டு ஆமென் சொல்கிறான். யாமிலுக்கென்று இதுவரை ஒருவரும் ஒரு ஜெபமும் சொல்லவில்லை. பெயர் சொல்லி வழியனுப்பாத பிள்ளை எங்கே போவான் என்று தோனியா ஃபியோர் கேட்டாள். போகவில்லை, இங்கேயேதான் இருக்கிறான், தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நிலைப்படியில் நிற்கிறான் என்றாள். தியோஃபிலோ தன்னை அறியாமல் நிலைப்படியைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த வாசல் வழியாக உள்ளே போக அவருக்குக் கால் வரவில்லை. முற்றத்திலேயே நின்றுகொண்டிருந்தபோதுதான் நெரெய்தாவின் அழைப்பு வந்தது.

“என்ன மறைக்கிறேனா?… ஹெஃபா, இத்தனை வருஷத்துல நான் உங்ககிட்ட… சரி, கேளுங்க. ஆட்டத்தை மட்டும் பேசுவோம். இப்ப அவன் வேகம் தொண்ணூத்தி நாலு மைல். பத்தொன்பது வயசுல அது ஆரம்பம். இதே இருபத்திரண்டு வயசுக்காரன் போட்டா அவ்வளவுதான், அதுக்கு மேல ஏறாது… அவனுக்குப் பத்தொன்பதுதான், காயிதத்துல பத்தொன்பதுதான், நான் இல்லைன்னு சொல்லலையே… ஒரு பேச்சுக்குச் சொன்னேன்… இல்ல. இல்லம்மா, யாரும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. வேற கிளப்காரன் யாரும் வரல. அடடா, என்னைப் போய் அப்படி நினைச்சீங்களே.”

வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்க, கண் மாமரத்தடிக்குப் போனது. மலர்வளையத்தை வாங்கியவன் அங்கேதான் நின்றான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை. கையில் ஒரு பழைய பந்து. கட்டைவிரல் அடியில், நடுவிரல் தையல் மேல். வளைவுப் பந்துக்கான பிடி. கொஞ்ச நேரம் முன்னால்தான் தியோஃபிலோ அவனிடம் அதைக் கேட்டிருந்தார். எனக்கு அந்தப் பந்து போடத் தெரியாது, அது தம்பியுடையது என்று அவன் சொன்னான். பந்து வீசுகிற மேட்டில் ஏறி நின்றால், ஜில்லென்ற ஈரக் கை ஒன்று என் விரலை எடுத்துத் தையல் மேல் வைக்கிறது, நான் வீசுகிறேன், அவ்வளவுதான் என்றான். சொல்லும்போது பயந்த முகமாகக்கூட இல்லை. பழகிப்போன முகம்.

தியோஃபிலோ கைபேசியை மார்போடு பொத்திக்கொண்டார்.

“உள்ள போடா. போய் அம்மாகூட நில்லு… போன்னா போ. இது நானும் அந்தம்மாவும் பேசிக்க வேண்டியது.”

அவன் நகரவில்லை. டோமினோ ஆடியவர்கள்தான் கட்டையைக் கீழே வைத்தார்கள்.

“…கேக்குது, கேக்குது. சிக்னல் கரும்புக்குள்ள போயிட்டு வருது… என்னது? காரணம் சொல்லலைன்னா நீங்களே முடிவு பண்ணிடுவீங்களா… யாமில் மேல, தாரியேல் வீட்டுக்கு… இன்னைக்கேவா? இப்ப அவன் இங்கிலீஷ் வகுப்புல உக்காந்து ‘குட் மார்னிங்’ சொல்லிக்கிட்டு இருக்கான், ஹெஃபா… ஆமா, ஒருத்தன் ஏறினா ஒருத்தன் இறங்கணும், அந்தக் கணக்கை நீங்க எனக்குச் சொல்லித் தரணுமா?”

அவரால் எந்தப் பக்கமும் சாய முடியவில்லை. உண்மையைச் சொன்னால் மரத்தடியில் நிற்கிற இவனுடைய ஒப்பந்தம் கிழியும். எந்தக் கிளப் வாசலிலும் இனி ஏற்றமாட்டார்கள். அம்மா தலைக்கு மேலே தகரம் நிற்கும், அதன் கீழே உலை கொதிக்காது. சொல்லாவிட்டால் உண்மையாகவே பதினெட்டு வயசான ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுவான். இவன் வடக்கே போவதற்காக விசா அதிகாரிக்கு முன்னால் கையை உயர்த்தி, செத்த தம்பியின் பெயரைச் சொல்லி இது நான்தான் என்று சத்தியம் செய்வான். ஆயுசு முழுக்க அந்த ஈரக் கையோடு இருப்பான். எந்தப் பையனை எப்போது ஏற்றுவது, யாரைக் காக்கவைப்பது என்று வாழ்நாளெல்லாம் பார்த்தவருக்கு, செத்தவனை எந்த வரிசையில் நிறுத்துவதென்று தெரியவில்லை.

வீட்டுக்குள்ளே ஜெபக்காரி மணியை ஆட்டினாள். பெண்கள் முட்டி போடும் சத்தம் கேட்டது. தோனியா ஃபியோர் உள்ளே போகாமல் நிலைப்படிக்கு வெளியே நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, ஹெஃபா… சரி, கத்தாதீங்க. சொல்றேன். எழுதிக்குங்க… யாமிலையே போடுங்க… ஆமா. நிச்சயம். என்னமோ வெயில், ஜெப வீடு, மனசு குழம்பிடுச்சு… ஆமா, நம்ம பையன்தான்… ஆமா, சந்தோஷம்தான்…”

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. நெரெய்தா கோபம் போனால் குழந்தை மாதிரி. கொஞ்சமும் மிச்சம் வைக்கமாட்டாள்.

“இப்பவா? இல்ல, இல்ல, வாழ்த்தெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம். உள்ள ஜெபம் ஆரம்பிச்சாச்சு… அவன் பக்கத்துல இல்ல, ஹெஃபா, அவன் வந்து… நாளைக்கு நானே பேச வைக்கிறேனே… அட, ஒரு நிமிஷம்தான், தெரியுது, ஆனா…”

முன்னால் ஒரு கை நீண்டிருந்தது. பந்தைக் காணோம். அவன் எப்போது மரத்தடியை விட்டு வந்தான் என்று தியோஃபிலோவுக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. உள்ளே ஜெபக்காரி வழக்கமான அந்தப் பெயரைச் சொல்ல, பெண்கள் ஆமென் என்றார்கள். இந்த முறை முற்றத்திலிருந்து ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

தியோஃபிலோ கைபேசியைக் கொடுத்துவிட்டார்.

அவன் அதை மெல்லக் காதில் வைத்தான். அம்மாவைப் பார்த்தான்.

“ஹலோ… வணக்கம், ஹெஃபா… நன்றி… ஆமா, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்… ஆமா, அம்மா இங்கதான் நிக்கிறாங்க… இல்ல, ஹெஃபா, கொஞ்சம் பொறுங்க. எழுதினதை அடிச்சிடுங்க. யாமில் ஆத்தோட போய் மூணு வருஷம் ஆச்சு. நான் அவன் அண்ணன், எலியேசர் பேசறேன்… ஹலோ?… இருக்கீங்களா, ஹெஃபா?”