மூன்று நாள் கம்பைல்

செகந்திராபாத் போகும் பஸ்ஸில் ஹப்சிகுடாவில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததுமே மனைவி தமிழில் கேட்டார்:

"அதை அணைக்காமலா வந்தீங்க?"

அடுப்பைச் சொல்கிறார் என்று நினைத்து எனக்குப் பதறியது.

"பாதியில நிறுத்தினா மறுபடி முதல்லேருந்து ஓட்டணும்."

"மூணு நாளா கம்ப்யூட்டர் ஓடுது. அண்ணன்கூட வீடியோவுல பேச ஒரு சாஃப்ட்வேர் கேட்டேன், அவ்ளோதான்."

"ரெடியா கிடைக்கிற பேக்கேஜ் ஊருக்கெல்லாம் பொதுவாப் பண்ணினது, வெர்ஷனும் பழசா இருக்கும். புரோகிராம் எழுதின சோர்ஸ் கோடை இறக்கி, நாமளே கம்பைல் பண்ணி சாஃப்ட்வேரா ஆக்கினாத்தான் நம்ம மெஷினுக்குன்னு அமையும். நேத்து அதுக்குத் துணையா வேண்டிய ஒரு லைப்ரரி ஃபைல் இல்லைன்னுச்சு. அதைப் போட்டா, அது இன்னொண்ணைக் கேட்குது. இன்னிக்கு முடிஞ்சிடும்."

தார்நாகா சிக்னலில் பஸ் நின்றது.

"அண்ணன் குழந்தைக்குப் பல்லு முளைச்சிருக்கு."

"போன் பண்ணினாரா?"

"இல்ல, பார்த்தேன். வெள்ளிக்கிழமை நீங்க குளிக்கப் போனப்ப, அந்த ரெடி பேக்கேஜை ஒரே வரி கமாண்டுல போட்டேன். நீங்க தலை துவட்டிட்டு வர்றதுக்குள்ள பேசியே முடிச்சிட்டேன்."

"அதைப் போட ரூட் பாஸ்வேர்டு கேட்குமே?"

"என் பேருதானே."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப ஏன் சொல்லல?"

"சாப்பிடக்கூட எழுந்திருக்காம அவ்ளோ சந்தோஷமா உட்கார்ந்திருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

செகந்திராபாத் வந்தது. இறங்கும்போது கணவர் கேட்டார்.

"எந்த வெர்ஷன் வந்துச்சு?"

"பழசுதான்."

"பாத்தியா!" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.