ஒன்பதாவது கேள்வி

என் கையெழுத்து நன்றாக இருக்கும், மேடம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதியும் பொன்மொழியும் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால்தான் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டருக்கு எதற்குச் சிரமம், நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். நீங்களும் பெரிய மனதோடு நாலு தாளும் ஒரு பேனாவும் கொடுத்தீர்கள். பேனா திட்டுத் திட்டாக எழுதுகிறது, பரவாயில்லை.

பெயர் காவ்யா, வயது இருபத்தேழு, வீடு நெமிலிச்சேரி. அப்பா தங்கவேல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். நான் கொரட்டூரில் டாக்டர் பக்தவத்சலத்தின் தோல் கிளினிக்கில் லேசர் டெக்னீஷியன். வேண்டாத முடியை லேசர் வைத்து நீக்குவது என் வேலை. மூன்று வருடம் எட்டு மாதம் செய்தேன்.

இந்த ஸ்டேஷனுக்கு நான் மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் கேட்டது ஒன்றைத்தான். கிளினிக் பீரோவிலிருந்து நீங்கள் எடுத்து வந்த என் ஒரிஜினல் சான்றிதழ்களைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். மூன்றாவது முறை நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரு பொண்ணு மூஞ்சி வெந்து கெடக்குது, நீ இன்னாடான்னா பேப்பர் பேப்பர்னு கேட்டுகினு கீற. இன்னா விஷயம்?" என்றீர்கள். நியாயமான கேள்வி. கேஸ் முடிந்தால்தான் சான்றிதழ் என்கிறீர்கள். உண்மை தெரிந்தால்தான் கேஸ் முடியும். ஆகவே எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த அன்றே பத்தாவது மார்க் ஷீட், பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிகிரி மூன்றையும் டாக்டர் வாங்கி பீரோவில் வைத்தார். இரண்டு வருட பாண்டு. எங்கள் பக்கத்தில் இது சகஜம். கிளினிக்கோ, ஸ்கூலோ, ஆள் ஓடிவிடக் கூடாது என்று ஒரிஜினலை வாங்கி வைப்பார்கள், நாமும் தலையாட்டிவிட்டுக் கொடுப்போம். இரண்டு வருடம் முடிந்தபோது புது மெஷின் வந்தது. அதைப் பழகிக் கொடுத்ததற்காக இன்னும் ஒரு வருடம் என்றார். அதுவும் முடிந்தபோது, "புதுப் பொண்ணுங்க கை படியட்டும் கண்ணு, அப்புறம் தாராளமா போ" என்றார்.

டாக்டர் கெட்டவர் இல்லை. ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது தன் காரிலேயே கூட்டிப்போய்ச் சேர்த்தார். அம்மா இன்றைக்கும் அவரைச் சாமி என்றுதான் சொல்கிறாள். திட்டுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். கண்ணு என்று கூப்பிடுகிறவரிடமிருந்து எப்படி வருவது என்று எனக்குத் தெரியவில்லை.

என் அறை பத்துக்கு எட்டு. லேசர் ஒளி வெளியே போகக் கூடாது என்று இருந்த ஒரே ஜன்னலையும் பிளைவுட் வைத்து அடைத்திருந்தார்கள். காலை பத்து மணிக்கு உள்ளே போனால் எட்டு மணிக்கு வெளியே. மழை பெய்ததா என்பது வருகிறவர்களின் ஈரக் காலைப் பார்த்தால்தான் தெரியும். முடி கருகும் வாடை என் துப்பட்டாவில், டிபன் பாக்ஸில், தலையணையில் எல்லாம் இருந்தது. எனக்கு அங்கே மூச்சு முட்டியது, மேடம். மதியத்தில் சில நாள் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கதவு பூட்டியிருக்காது, ஆனால் திறக்க மாட்டேன்.

அந்த அறையில் உட்கார்ந்தபடியே அரசு வேலைக்கான தேர்வுக்குப் படித்தேன், பாஸும் செய்தேன். சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரிஜினலோடு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. டாக்டரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்றார், பிறகு பீரோச் சாவி தன் அக்கா கையில் இருக்கிறது, அக்கா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார். நாள் போய்விட்டது. அன்றைக்குப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே வேலை செய்தேன், உள்ளே அழுதது யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் இரண்டாவது பட்டியல் வந்தது. இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி. இதையும் விட்டால் மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

கிளினிக் மூடினால் பீரோ திறக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

லேசருக்கு முன்னால் ஒரு படிவம் உண்டு. பதினான்கு கேள்விகள். மற்ற இடங்களில் வருகிறவர்களே நிரப்புவார்கள். எங்கள் கிளினிக்கில் நான் வாயால் கேட்டு, நானே எழுதி, கடைசியில் அவர்கள் கையெழுத்து மட்டும் போடுவார்கள். என் எழுத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் ஏற்படுத்திய வழக்கம் அது. ஒன்பதாவது கேள்வி: முகத்தில் ரெட்டினாய்டு கிரீம் தடவுகிறீர்களா?

பருவுக்கும் தழும்புக்கும் ராத்திரியில் தடவுகிற கிரீம் அது. நல்ல மருந்துதான். ஆனால் தடவத் தடவத் தோல் சீக்கிரம் உரிந்து, மேல்பக்கம் மென்மையாகி, சூடு தாங்காமல் போய்விடும். ஆகவே லேசருக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். டாக்டர் சீட்டில் எழுதித் தருகிற வீரியமான வகை என்றால் இன்னும் சில நாள் முன்பே. லேசர் முடிந்து சிவப்பும் எரிச்சலும் முழுக்க அடங்கிய பிறகு, ஒரு வாரம் போல விட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். நடுவில் வெயிலில் போனால் சன்ஸ்கிரீன் கட்டாயம். இத்தனையும் நான் ஒவ்வொருவரிடமும் சொல்வேன். தடவுகிறேன் என்றால் தேதியைத் தள்ளிவைப்பேன். "இன்னாங்க இது, லீவு போட்டுகினு வந்துகீறேன்" என்று சண்டைக்கு வருவார்கள். நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள், என் வேலையில் நான் சுத்தம்.

மெஹக் பூந்தமல்லி பெண். வயது இருபத்துமூன்று. அவள் அத்தா அப்துல் கையூமுக்குப் பஜாரில் பாத்திரக் கடை. சினைப்பை நீர்க்கட்டி காரணமாக மெஹக்குக்கு மோவாயில் கருகருவென்று முடி வளரும். கொரோனா போய் வருடக்கணக்கான பிறகும் அவள் மாஸ்க்கைக் கழற்றவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் பிரியாணியைக்கூட மாஸ்க்கைத் தூக்கித் தூக்கிச் சாப்பிட்டதாகச் சொல்லிச் சிரித்தாள். ஆறு முறை லேசர் செய்தேன். ஆறாவது முறை முடிந்ததும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த மாதமே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கவுன்டர் வேலைக்குச் சேர்ந்தாள். "சுத்தியும் கண்ணாடிதான் காவ்யாக்கா, எங்க திரும்புனாலும் என் மூஞ்சி. நல்லா இருக்கு" என்றாள். எனக்கு அவளை மிகவும் பிடிக்கும்.

ஏழாவது முறை வந்தபோதுதான் அது நடந்தது. விதிப்படி முதலில் சோதனைப் புள்ளி வைத்தேன். காதுக்குக் கீழே ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்த்து, கால் மணி நேரம் காத்திருந்தேன். தோல் சாதாரணமாக இருந்தது. மெஷினில் அளவு வழக்கமானதுதான். படிவத்தில் ஒன்பதாவது கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. ஆனால் அவள் அந்தக் கிரீமைத் தடவிக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் முகம் பழுத்து, கொப்புளம் கட்டி, நீர் வடிந்தது.

நீங்கள் மெஹக்கின் போனில் ஒரு போட்டோவைக் காட்டினீர்கள். கிரீம் ட்யூபைப் படம் எடுத்து, 'அக்கா இது தடவறேன், லேசருக்கு முன்னாடி நிறுத்தணுமா' என்று எனக்கு அனுப்பியிருந்தாள். கீழே இரண்டு நீல டிக். பதில் இல்லை. நான் பார்த்துவிட்டு மறந்துவிட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. பதில் எழுதவில்லை, போனில் கூப்பிட்டேன். நிறுத்தாதே என்றேன். கடைசி மூன்று நாள் கொஞ்சம் தாராளமாகவே தடவு, முடி வேர் இளகிக் கொடுக்கும் என்றேன். காதுக்குக் கீழே மட்டும் தடவாதே, அங்கே தோல் மெல்லிசு என்றேன். அவள் தேங்க்ஸ் சொன்னாள்.

ஏன் மெஹக் என்று கேட்பீர்கள். அதற்கு ஜூன் மாதத்துக்குப் போக வேண்டும். திருவேற்காட்டிலிருந்து ஒரு காலேஜ் பெண் காலுக்கு லேசர் செய்ய வந்தாள். மெஷினில் அளவைக் கூட்டி வைத்தேன். கெண்டைக்காலில் வரி வரியாகக் கொப்புளம். யாராவது வந்து சத்தம் போடுவார்கள் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. டாக்டர் ஒரு களிம்பு கொடுத்து, அடுத்த முறை இலவசம் என்றார். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனாள். டாக்டர் மெஷினைப் பார்த்துவிட்டு, "அளவு ஏன் கண்ணு ஏறிக்கிடக்கு?" என்று என்னையும் மெதுவாகக் கேட்டார். அதிலிருந்து சிலது கற்றுக்கொண்டேன். கால் போதாது. மெஷினைத் தொடக் கூடாது. சத்தம் போட ஆள் இல்லாத வீட்டுப் பெண்ணால் பயன் இல்லை.

அப்துல் கையூம் பாய் கடையில் நின்று கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். ஒரே மகள். பஜாரே அவர் பின்னால் வரும். முகத்துக்கு லேசர் செய்யும்போது டாக்டர் கிளினிக்கில் இருந்தாக வேண்டும் என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. முகூர்த்த நாளில் அவர் இருக்க மாட்டார், மூன்று கல்யாணமாவது இருக்கும். காலண்டரைப் பார்த்து, நல்ல முகூர்த்தமாக மெஹக்குக்கு நாள் கொடுத்தேன்.

அன்று அவள் படுத்திருந்தாள். பாதியில், "அக்கா, ரொம்ப எரியுது" என்றாள். "எப்பவும் எரியறதுதானே, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன். பொறுத்துக்கொண்டாள், அவள் பொறுமைசாலி. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. மோவாயை முடித்துவிட்டு இரண்டு கன்னத்துக்கும் சுட்டேன். கன்னத்தில் அவளுக்கு முடி கிடையாது.

மறுநாள் நான் எதிர்பார்த்தபடியே நடந்தது. பாய் வாசலில் நின்று, "எம் பொண்ணு மூஞ்சிய இன்னாய்யா பண்ணி வெச்சுகீறீங்க? எங்க அந்த டாக்டரு?" என்று கேட்டார். பிறகு குரல் உடைந்து அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி உட்கார்ந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் கிளினிக்குக்கு சீல் வைத்தார்கள், நீங்கள் பீரோவைத் திறந்தீர்கள். கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பல நாளுக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு வந்தது. என் ஃபைலும் சாக்குப் பைக்குள் போய், பை ஜீப்புக்குள் போனது. கேஸ் சொத்து என்று ஒன்று இருப்பதை நான் யோசிக்கவில்லை. இந்த விஷயத்தில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மெஹக்கை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பழமும் வாங்கிப் போனேன். வாயைத் திறக்க முடியாமல், "அக்கா மேல தப்பு இல்ல அத்தா, நான்தான் சரியா கேக்கல" என்று பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கறுத்த இடம் எவ்வளவு தூரம் மாறும் என்று அங்கே இருந்த டாக்டர்களால் சொல்ல முடியவில்லை. மறுபடி மாஸ்க் போட்டுக்கொண்டிருக்கிறாளாம். அவளுக்கு அது பழக்கம்தான், புதிதாகப் பழக வேண்டியதில்லை.

இதுதான் முழு விவரம். டாக்டருக்கு இதில் சம்பந்தமில்லை, மெஹக் மேலும் குற்றமில்லை. அந்தக் காலேஜ் பெண், மெஹக் இரண்டு பேரையும் எரித்தது நான்தான் என்று சுயநினைவோடு எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். இன்று பத்தொன்பதாம் தேதி. சரிபார்ப்பு பதினோரு மணிக்கு, பாரிமுனையில். உங்கள் சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதே கால். ஒரு பெண் காவலரைக் கூட அனுப்பினாலும் சரி, அந்த ஃபைலோடு போய் சாயங்காலத்துக்குள் வந்துவிடுகிறேன். மார்க் ஷீட்டை மட்டும் மடிக்க வேண்டாம்.

பேனாவைக் கொடுக்கும்போது நீங்கள் ஒன்று கேட்டீர்கள். உன் பேப்பரை வாங்க வேறு வழியே இல்லையா என்று. இருந்தது. என் மாமா பையன் இளங்கோ பூந்தமல்லி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. ஏப்ரல் மாதமே சொன்னான். "ஒரிஜினல புடிச்சி வெச்சுக்க அவருக்கு ரைட்ஸே கெடையாது காவ்யா. ஒரே ஒரு நோட்டீஸ் வுடு, அடுத்த நாளே ஊட்டாண்ட வந்து குடுத்துட்டுப் போவாரு." நோட்டீஸையும் அவனே அடித்துக் கொடுத்தான். இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது டாக்டர் முகம் ஞாபகம் வந்தது. அதைப் படித்தால் எவ்வளவு வருத்தப்படுவார் என்று நினைத்துப் பார்த்தேன். ஒருத்தர் மனது நோகிற மாதிரி நடந்துகொள்ள எனக்கு வராது, மேடம்.