மேனேஜரின் எடை

அப்பா: எம்பதாயிரம்... மழையில நனைஞ்சு, நம்ம கடைப் படியில சும்மா வந்து விழுந்த நாய்க்கு.

மகள்: சும்மா வந்ததுக்கெல்லாம் விலை போட முடியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க. அந்த ஆணி மூட்டையை நகர்த்துங்கப்பா. கூண்டைத் தராசுல ஏத்தணும்.

அப்பா: நாயை விமானத்துல ஏத்தி விடுற ஏஜென்ட்கிட்ட பேரம் பேசினியா?

மகள்: தொண்ணூறுல ஆரம்பிச்சார்.

அப்பா: நான் போயிருந்தா அறுபதுல முடிஞ்சிருக்கும்.

மகள்: நீங்க போயிருந்தா பேச்சே முடிஞ்சிருக்காது. மேனேஜர், உள்ள போடா... உக்காரு.

அப்பா: பாரு, தன் கேபினுக்குள்ள போற மாதிரி போறான். நாள் முழுக்கக் கல்லாவுக்குக் கீழ தூங்குறவனுக்கு மேனேஜர்னு சரியாத்தான் பேர் வச்சிருக்கோம்.

மகள்: ரெண்டு மாசமா கூண்டுலதான் சோறு, கூண்டுலதான் தூக்கம். பயப்படாமப் பறக்கணும்ல.

அப்பா: அந்தத் தோலுக்கடியில வைக்கிற சிப்பு?

மகள்: வச்சாச்சு. அதுக்கப்புறம்தான் தடுப்பூசி. ரத்தப் பரிசோதனையும் வந்தாச்சு. எடை ஒண்ணுதான் மிச்சம். கூண்டோட முப்பத்திரண்டு கிலோவைத் தாண்டினா ஏத்த மாட்டாங்க.

அப்பா: ஏத்தலைன்னா?

மகள்: அவன் இல்லாம நானும் ஏற மாட்டேன். அந்த வெளிநாட்டு வேலை வேண்டாம்னு எழுதிப் போட்டுட்டு இங்கேயே ஆணி நிறுத்துப் போடுறேன்.

அப்பா: ஆணி நிறுக்கறது ஒண்ணும் கேவலம் இல்ல.

மகள்: நான் எப்ப கேவலம்னேன்? நம்பரைப் படிங்க.

அப்பா: முப்பத்தஞ்சரை... அடடா. என்ன பண்றது, அவன் தலையெழுத்து.

மகள்: ரெண்டு மாசத்துல ரெண்டு கிலோ இளைச்சு, போன வாரம் டாக்டர்கிட்ட அவன் மட்டும் இருபத்திரண்டரை. கூண்டு ஒம்போது.

அப்பா: ஒரு வாரத்துல ஏறியிருக்கும்.

மகள்: நாலு கிலோவா?

அப்பா: டாக்டர் தராசை யார் கண்டா. என் தராசு பொய் சொன்னதில்ல. முப்பது வருஷமா...

மகள்: தெரியும். நிறுக்கும்போது துணி நுனி பட்டாலும் பாவம்னு, அம்மாவையே தள்ளி நிக்கச் சொன்ன ஆளு நீங்க.

அப்பா: ஆமா. பின்ன?

மகள்: அப்ப, காலை எடுங்கப்பா.

அப்பா: எந்தக் காலை?

மகள்: இடது கால். தட்டோட பின் ஓரத்துல இருக்கு.

அப்பா: ...மரத்துப் போச்சு. அதான் தெரியல.

மகள்: இப்ப படிங்க.

அப்பா: முப்பத்தொண்ணரை.

மகள்: முப்பது வருஷத்துல முதல் கால்.

அப்பா: ரஸ்க் வேலைக்கு ஆகல. வேற என்ன பண்ணச் சொல்ற?

மகள்: என்ன ரஸ்க்?

அப்பா: காலையில இவனை நடக்கக் கூட்டிட்டுப் போறேன்ல. முக்குக் கடையில தினம் நாலு வாங்கிப் போட்டேன். நான் போகலைன்னா நீ கூட்டிட்டுப் போவ, ரஸ்க் போட முடியாதே. ஆனா படுபாவி, ஒரு மணி நேரம் என்னையும் இழுத்துக்கிட்டு ஓடுறான். எங்கேர்ந்து ஏறும்? அவன் எடை கூடினா நீ போக மாட்டியேன்னு... சரி, விடு.

மகள்: கூண்டை இறக்கிட்டேன். நீங்க ஏறுங்க.

அப்பா: நான் எதுக்கு? என்னையும் அனுப்பப் போறியா?

மகள்: ஏறுங்க. இந்தத் தடவை ரெண்டு காலும் வைக்கலாம்.

அப்பா: எழுபத்தொம்போது... இது என்ன, தராசு கெட்டுப் போச்சா?

மகள்: உங்க தராசுதான் பொய் சொல்லாதே. ரெண்டு மாசம் முந்தி எம்பத்தஞ்சு. சர்க்கரைக்கு நடங்கன்னு டாக்டர் மூணு வருஷம் கெஞ்சினார், நீங்க வாசலைத் தாண்டல. நாய் இளைக்கணும்னு சொன்னதும் தாண்டினீங்க.

அப்பா: வரம்பு இருக்குன்னியே, அதனால...

மகள்: முப்பத்திரண்டு நான் சொன்ன கணக்குப்பா. ஏஜென்ட் சொன்னது நாப்பத்தஞ்சு.

அப்பா: ...பெத்த அப்பன்கிட்டயே பதிமூணு கிலோ குறைச்சுச் சொல்லி வியாபாரம் பண்ணியிருக்க.

மகள்: யார்கிட்ட கத்துக்கிட்டது? ...அப்பா. நான் போகட்டுமா?

அப்பா: போ. ஆனா கணக்கைச் சொல்லிடுறேன், கேட்டுட்டுப் போ. அவன் ரெண்டு கிலோ, நான் ஆறு, ஆக எட்டு வரவு. நாளன்னைக்கிலேர்ந்து காலையில என்னை இழுக்க ஆள் கிடையாது. அப்புறம் என் மேல ஏறுற ஒவ்வொரு கிலோவும் உன் பேர்ல பாக்கி. வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு பேரும் நேர்ல வந்து இறக்கிட்டுப் போகணும்.