குவைத்துக்குப் போகும் கேசட்

இராக்கம்மா: “பரீட்சை எப்பம்மா?”ன்னு உங்க அம்மா கேட்டு இதோட நாலு கேசட்டு ஆச்சு. இந்தா, ரெக்கார்டர்ல செவப்பு பட்டன அமுக்கிட்டேன். இன்னைக்கு நீயே பதில் சொல்லு. வாயத் தொற புள்ள. ரீல் ஓடுது.

தனுஜா: நீங்களே ஏதாச்சும் சொல்லுங்கக்கா.

இராக்கம்மா: மூணரை வருஷமா நாந்தானே சொல்றேன். உங்க அம்மா என்னையவா பெத்தா? பாவம், குவைத்துல எவளோ ஒருத்தி வீட்டு குசினியில அடுப்புகிட்ட நின்னுக்கிட்டு... எம் மக கொரல் வருமா, வருமான்னு...

தனுஜா: மெதுவா பேசுங்க. புள்ளைங்க முழிச்சிக்கும்.

இராக்கம்மா: முழிச்சா தொட்டில ஆட்டு. அதுக்குத்தானே நம்ம ரெண்டு பேரையும் இந்த புள்ளமடுவத்துல வச்சிருக்காங்க. ஆத்தாக்காரிங்க மலையில தேயிலக் கொழுந்து கிள்ளிட்டு வர இன்னும் நேரம் கெடக்கு. பேசு.

தனுஜா: அக்கா... யாரோ வர்றாங்க. சப்பாத்து போட்ட ஆளு.

இராக்கம்மா: தொரையா? நிப்பாட்டு, நிப்பாட்டு. அந்த தொட்டில் சீலைய எடுத்து மேல போடு.

தனுஜா: ம்.

நிமலன்: வணக்கம். உள்ளுக்கு வரலாமோ?

இராக்கம்மா: சப்பாத்த கழட்டிட்டு வாங்க தம்பி. புள்ளைங்க தவழுற எடம்.

நிமலன்: ஓம், ஓம்... நீங்கள்தானே இராக்கம்மா? சொல்லவே தேவையில்லை. வாயத் திறந்த உடன பிடிச்சிட்டன். பஸ்ஸில கேட்ட அதே குரல்.

இராக்கம்மா: எந்த பஸ்ஸு?

நிமலன்: பதுளை பஸ். போன வருஷம் லுணுகலைக்கு வரேக்க சினிமாப் பாட்டு போடுவினம் எண்டு பாத்தா, ஒரு பொம்பிள கதை சொல்லிக்கொண்டு வாறா. முடிவு கேக்கவேணும் எண்டு நான் இறங்க வேண்டிய இடத்த விட்டிட்டன்.

இராக்கம்மா: நீங்க மட்டுமா? அன்னைக்கு பாதி சனம் எறங்காம போயி, திரும்ப மலை ஏறி நடந்துச்சு. எல்லாம் அந்த ஸமீம் பாத்த வேல.

நிமலன்: அது ஆர் ஸமீம்?

இராக்கம்மா: லுணுகலையில ரெக்கார்டிங் கட வச்சிருக்காரு. இந்த புள்ளையோட அம்மா குவைத்துல இருக்காங்க. அவங்களுக்கு நாங்க கேசட்டுல கதை சொல்லி அனுப்புவோம். ஒரு தடவ தபால்ல தொலஞ்சுபோச்சு. அதுல இருந்து ஒரு காப்பி எடுத்து வச்சிட்டு அனுப்புவோம். அந்த காப்பிய மனுசன் பாட்டு கேசட்டுன்னு நெனச்சு பஸ்ஸு டிரைவர்கிட்ட குடுத்துட்டாரு.

நிமலன்: அதுக்குப் பிறகு?

இராக்கம்மா: அதுக்கு அப்புறம் எங்க நிப்பாட்ட? ஆளாளுக்கு வெறுங் கேசட்ட தூக்கிக்கிட்டு வந்தாங்க. இப்ப இருபத்திமூணு கதையும் கொழுந்து லொறியில ஏழு தோட்டத்துக்குப் போகுது. நீங்க யாருன்னு சொல்லலையே?

நிமலன்: என்ர பேர் நிமலன். அப்பா சிவஞானம், முந்திப் பதுளையில கிளாக்கரா இருந்தவர். நான் இப்ப கொழும்பில ஒரு போன் கம்பெனியில. உங்கட கதைகள எங்கட போனில போடத்தான் கேட்டு வந்தனான்.

இராக்கம்மா: போன்ல கதையா?

நிமலன்: நாலு இலக்கம் அடிச்சாக் காணும். கதை வரும்.

தனுஜா: அக்கா... கதை அந்த போனுக்குள்ளயா இருக்கும்னு கேளுங்க.

இராக்கம்மா: அவ கேக்குறா, கதை...

நிமலன்: கேட்டது. நேரா என்னட்டயே கேக்கலாமே தங்கச்சி.

இராக்கம்மா: அவ வெளியாளுங்ககிட்ட பேசமாட்டா. என் காதுலதான் பேசுவா. நீங்க சொல்லுங்க.

நிமலன்: போனுக்குள்ள இல்லை. கொழும்பில ஒரு பெரிய கம்ப்யூட்டரில இருக்கும்.

தனுஜா: ஒரே நேரத்துல ரெண்டு பேரு அமுக்குனா?

இராக்கம்மா: ரெண்டு பேரு...

நிமலன்: ரெண்டாயிரம் பேர் அடிச்சாலும் எல்லாருக்கும் வரும்.

தனுஜா: மொதல்ல இருந்தா? பிந்தி வந்தவங்களுக்கும்?

நிமலன்: ஓம். ஆர் எப்ப அடிச்சாலும் அவைக்கு முதல்ல இருந்து வரும்.

தனுஜா: அம்மாடி... ரீல் சுத்தவே வேணாமா?

இராக்கம்மா: பாத்தீங்களா, உங்ககிட்டயே பேசிட்டா. நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க.

தனுஜா: சும்மா இருங்கக்கா... கதை புடிக்கலைன்னா, அந்த கம்ப்யூட்டர்கிட்ட சொல்லலாமா?

நிமலன்: எப்பிடி? அது சொல்லும், நீங்கள் கேப்பீங்கள். அவ்வளவுதான்.

இராக்கம்மா: எங்க கேசட்டு அப்படி இல்ல தம்பி. கதை முடிஞ்சு மிச்சம் இருக்குற வால்ல, கேட்ட ஆளுங்க பேசி அனுப்பணும். அது இங்க வழக்கம். “இது மேல் டிவிசன் லயத்து ஆளுங்க, அந்த பொண்ண கொன்னுபுடாதீங்க”ன்னு ஒரு தடவ நாப்பது பேரு சேந்து சத்தம் போட்டிருந்தாங்க.

நிமலன்: பிறகு?

இராக்கம்மா: கொல்லல. நாப்பது பேரு சொல்லி எப்படிக் கொல்றது? அதெல்லாம் சேந்துதான் குவைத்துக்குப் போகும். நாயி கொலைக்கிறது, மழை, வேலைக்கு கூப்பிடுற பெரட்டு கொம்பு ஊதுறது, எல்லாம். ஊரே வந்து பேசிட்டுப் போன மாதிரி இருக்கும்னு அவ அம்மா சொல்லுவா.

தனுஜா: சார்... உங்க போன் குவைத்துல கேக்குமா?

நிமலன்: இல்லை. இலங்கைக்குள்ள மட்டும். அதுவும் எங்கட சிம் போட்ட போனில மட்டும்.

தனுஜா: மேல் டிவிசன்ல சிக்னல் இல்லையே.

நிமலன்: டவர் வரும்.

தனுஜா: எப்ப?

நிமலன்: வரும் தங்கச்சி.

இராக்கம்மா: சரி விடு. போன் இருக்குறவங்க போன்ல கேக்கட்டும், இல்லாதவங்களுக்கு நம்ம கேசட்டு. அப்படித்தானே தம்பி?

நிமலன்: அதுதான்... இந்தக் கடிதத்தில ஒரு விசயம் இருக்கு. நீங்கள் கையெழுத்து வச்சாப் பிறகு கேசட் ஒண்டும் வெளிய போகேலாது. ஸமீம் காப்பி எடுக்கேலாது. லொறியிலயும் குடுக்கேலாது.

இராக்கம்மா: தபால்ல?

நிமலன்: ஒருத்தருக்கும் குடுக்கேலாது. கதை எங்களிட்ட மட்டும்தான் இருக்கவேணும்.

இராக்கம்மா: இவ அம்மாவுக்கு?

நிமலன்: கடிதம் எழுதலாமே.

தனுஜா: அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது சார். அந்த வீட்டு மேடம் போன்ல பேச விடமாட்டாங்க. கேசட்டுன்னா, பாட்டுதான் கேக்குறான்னு விட்டுருவாங்க.

இராக்கம்மா: புள்ள அழுவுது. அந்த மூணாவது தொட்டில ஆட்டு தனு... ஆங், அப்படித்தான்.

நிமலன்: அக்கா, நான் திரும்ப பஸ் பிடிக்கவேணும். நீங்கள் இதில ஒருக்கா வாசிச்சுப்போட்டு...

இராக்கம்மா: வாசிக்கவா? எழுத்துக்கூட்டிப் படிக்க பொழுது சாஞ்சிரும். கைநாட்டு போதுமா?

நிமலன்: என்ன? எழுத்துக்கூட்டியோ?... அப்ப இருபத்திமூண்டு கதைய எப்பிடி எழுதினீங்கள்?

இராக்கம்மா: அது... மனசுலயே வச்சுக்கிட்டு...

நிமலன்: கொப்பி ஒண்டும் இல்லையோ?

இராக்கம்மா: கொப்பியா? கொப்பி... தனு, அந்த புள்ளைக்கு பால் கரைச்சியா?

தனுஜா: சார், ஒரு தடவ போட்டுக் காட்டுவீங்களா? அந்த போன்ல எப்படி வருதுன்னு.

நிமலன்: இங்க சிக்னல் இல்லை தங்கச்சி.

தனுஜா: அந்த ஜன்னல் கம்பிகிட்ட ரெண்டு கோடு வரும். மிட்வைஃப் மிஸ் அங்க நின்னுதான் பேசுவாங்க.

நிமலன்: கதை இன்னும் தொடங்கேல்லை. தைக்குத்தான்...

தனுஜா: வேற என்ன இருக்கோ அது போதும். எப்படி வருதுன்னுதான் பாக்கணும் சார். சத்தமா வைக்க ஏலுமா?

இராக்கம்மா: காட்டுங்க தம்பி. இவ்வளவு ஆசையா கேக்குறா.

நிமலன்: சரி... இந்தாங்கோ. இராசிபலன் போடுறன்.

போன்: வணக்கம். செய்திகளுக்கு எண் ஒன்றை அழுத்துங்கள். இராசிபலனுக்கு எண் இரண்டு. கதை நேரத்துக்கு எண் மூன்று...

தனுஜா: மூணு இருக்கே. அமுக்குறேன் சார்.

நிமலன்: வேண்டாம் தங்கச்சி, அது...

போன்: கதை நேரம். எழுதியவர், நிமலன் சிவஞானம்.

இராக்கம்மா: யாரு?

நிமலன்: தாங்கோ போன.

போன்: மூன்றாம் குடியிருப்பின் கூரை காற்றில் பறந்த அன்றுதான் பூவாயிக்குத் திருமணம் நிச்சயமானது.

தனுஜா: மாப்பிள்ள வீட்டு ஆளுங்க வந்து உக்காந்தப்ப தலைக்கு மேல வானந்தான் இருந்துச்சு.

போன்: மாப்பிள்ளை வீட்டார் வந்து அமர்ந்தபோது தலைக்கு மேலே வானம் மட்டுமே இருந்தது.

தனுஜா: பொண்ணு புடிச்சிருக்கான்னு யாரும் கேக்கல. மழை வருமான்னுதான் கேட்டாங்க.

போன்: பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று எவரும்...

தனுஜா: இந்தாங்க சார் போன். லயம்னு எழுதியிருந்தேன். குடியிருப்புன்னு மாத்திட்டீங்க.

நிமலன்: எழுதியிருந்தேனோ?... நீங்களோ?

இராக்கம்மா: ஆமா, அவதான். நான் வாய் மட்டுந்தான். எத்தன மாசமா ஓடுது தம்பி இது?

நிமலன்: ஆவணியில இருந்து.

இராக்கம்மா: தைக்குத்தான் தொடங்கும்னீங்க.

நிமலன்: கோவிக்காதீங்கோ. கேசட்டில ஒரு பேரும் இல்லை. கம்பெனியில எழுதினது ஆர் எண்டு கேட்டாங்கள். ஏதோ ஒரு பேர் போடத்தானே வேணும்...

இராக்கம்மா: பேரு வைக்காத புள்ளைக்கு, ரோட்டுல போறவரு தன் பேர வச்சிட்டுப் போவாரா?

நிமலன்: கம்பெனியில இப்ப கடிதம் கேக்கினம் அக்கா. எழுதினது நானெண்டா, பஸ்ஸில எப்பிடி ஓடுது எண்டு கேக்கினம். நீங்கள் என்னட்ட கேட்டுத்தான் கேசட்டில சொன்னனீங்கள் எண்டு ஒரு வரி... கேசட்டும் நிண்டிட்டா ஒருத்தரும் கேள்வி கேக்காயினம். இல்லாட்டி என்ர வேலை போயிடும்.

தனுஜா: சார்.

நிமலன்: சொல்லுங்கோ.

தனுஜா: உங்க போன்ல ஓடுறதுக்கு நான் வேணாங்கல. கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு. மொதல்ல இருந்து வருது... பிந்தி வந்தவங்களுக்கும் வருது. ஓடட்டும். லொறியிலயும் ஓடட்டும், பஸ்ஸுலயும் ஓடட்டும். பேர மட்டும் எடுத்துடுங்க.

நிமலன்: “எங்களிட்ட மட்டும்” எண்ட சொல் இல்லாட்டி கம்பெனிக்கு இது தேவையில்லை தங்கச்சி.

தனுஜா: ஏன் சார்? எல்லாரும் கேட்டா கதை தேஞ்சிருமா?

நிமலன்: தேயாது. ஆனா விக்கேலாது.

தனுஜா: அப்ப விக்க வேணாம்.

நிமலன்: உங்களுக்கு விளங்கேல்லை. நான் நல்ல மாதிரி கேக்கிறன். இப்ப இந்தக் கதைகளுக்கு வேற ஒருத்தரின்ட பேரும் எங்கயும் இல்லை. என்ர பேர்தான் இருக்கு. எழுதினது நீங்களெண்டு நாளைக்குப் போய்ச் சொன்னா ஆர் நம்புவினம்? என்ன அத்தாட்சி இருக்கு? சொல்லுங்கோ பாப்பம்.

இராக்கம்மா: இருபத்திமூணு கொப்பி வச்சிருக்கா. ஒளிச்சு ஒளிச்சு...

நிமலன்: எங்கட போன கேட்டுக் கொப்பியில எழுதினதெண்டும் சொல்லலாம் அக்கா.

தனுஜா: சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அந்த சீலைய மிதிக்கிறீங்க.

நிமலன்: எந்தச் சீலை?

தனுஜா: அதுக்கு அடியில ரெக்கார்டர் இருக்கு.

இராக்கம்மா: அடியே... உன்ன நிப்பாட்டச் சொன்னேன்ல.

தனுஜா: பயத்துல மறந்துட்டேன் அக்கா. அப்புறம் ஞாபகம் வந்துச்சு... வந்த பொறகுதான் நிப்பாட்டல.

நிமலன்: அப்ப நான் கதைச்சது...

தனுஜா: வணக்கம் சொன்னதுல இருந்து எல்லாம் இருக்கு. அந்த போன் சொன்னதும் இருக்கு. தொண்ணூறு நிமிஷ கேசட்டு சார், இன்னும் ஓடுது. நாளைக்கு ஸமீம் நானா காப்பி எடுத்ததும் லொறியில ஏறிடும். நீங்க பேச வேண்டியது ஏதாச்சும் மிச்சம் இருந்தா பேசலாம். வால்ல யாரு வேணும்னாலும் பேசலாம், அதான் வழக்கம்.

இராக்கம்மா: பேசுங்க தம்பி. ஏழு தோட்டமும் கேக்கும்... கடுதாசிய மடிக்கிறாரு... தனு, இது குவைத்துக்கும் இப்படியேவா போகும்?

தனுஜா: இப்படியேதான்.

இராக்கம்மா: அப்ப அந்த பரீட்சை சங்கதியையும் சொல்லிடு. ஏழு தோட்டத்து சனமும் வால்ல வந்து பேசுறாங்க. எல்லாருக்கும் தெரியும். இத்தன நாளா ஒருத்தர்கூட உங்க அம்மாகிட்ட அத சொன்னதில்ல. உன் வாயால வரட்டும்னு இருக்காங்க.

தனுஜா: ம்... கொஞ்சம் கிட்ட தள்ளுங்கக்கா.

இராக்கம்மா: இந்தா. மூச்சு விட்டுட்டு பேசு.

தனுஜா: அம்மா... நாந்தான், தனு. பரீட்சை எப்பன்னு கேட்டியே... பரீட்சை இல்லம்மா. எட்டாங் கிளாஸ் பாதியில நான் நின்னுட்டேன். நீ போன பொறகு தங்கச்சிய வச்சிருக்க ஆளில்ல, இங்க தூக்கிக்கிட்டு வந்தேன், அப்படியே இருந்துட்டேன். பேசினா பொய் சொல்லணுமேன்னுதான் பேசல. பள்ளிக்கூடத்துக்குன்னு நீ வாங்கி அடுக்கி வச்சிட்டுப் போனியே கொப்பி, அதுலதான் எழுதினேன். இராக்கம்மா அக்கா சொல்ற கதையெல்லாம் உம் மக எழுதினதும்மா... இரு, அந்த சார் எந்திரிச்சிட்டாரு. வாசல்ல குந்தி சப்பாத்து மாட்டுறாரு. லேஸ கட்டல... எறங்கிட்டாரு. கல்லு ரோட்டுல போறாரு. கேக்குதாம்மா?