நொடிக்கு ஏழு அலை

பாலிங் பசாரில் யார் தலையைக் காட்டினாலும், மூளைக்குள் நொடிக்கு எத்தனை அலை ஓடுகிறது என்று கம்பி ஒட்டாமலே சொல்லிவிடுவேன், இன்ஸ்பெக்டர். ஆட்டுத் தலைக்கும் சொல்வேன், வெட்டுவதற்கு முன் என்றால். ஓய்வு பெறும்வரை முப்பத்து நான்கு ஆண்டுகள் தலைகளில் கம்பி ஒட்டி மூளை அலையை வரைந்தெடுத்தவன் இந்தத் தர்மலிங்கம்.

சாப்பாட்டுக் கடை ஹசன் மட்டும் நம்பவில்லை. மனநோய் மாத்திரையைச் சுகமான ஆள் விழுங்கினாலும் அலை மெதுவாகும் என்றேன்.

"பைத்தியமே இல்லாதவனுக்கு அது என்னண்ணே பண்ணும்? மிட்டாய் மாதிரி கரைஞ்சு போயிரும்லா."

கடை முழுக்கச் சிரித்தது. என் முப்பத்து நான்கு ஆண்டுகளும் அந்த மிட்டாயில் கரைந்தன.

ஹசன் தே தாரேக்குக்குப் பால் தேநீரை ஆற்றி இழுத்தால், தேநீர் கூரை விசிறியைத் தொட்டுவிட்டுத்தான் குவளைக்கு இறங்கும். எல்லைக்கு அந்தப் பக்கம், தாய்லாந்திலிருந்தே பார்க்கலாம். முடி கொட்டுவதற்குச் சோதனை என்று சொல்லி, மருத்துவமனை கழித்துப்போட்ட பழைய இயந்திரத்தில் அவர் அலையை எடுத்தேன். நொடிக்குப் பத்து. மறுநாளிலிருந்து, அவர் வாணலியில் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டத் திரும்பும்போது, அவர் குடிக்கும் தேநீரில் மாத்திரையைப் பொடித்துப் போட்டேன்.

மாத்திரை என் தங்கை செல்லாயியுடையது. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்து நாளும் அவள் உறங்காமல் சுவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி என்றால் வீட்டாரும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் தேநீர் இழுப்பின் உயரம் மார்பளவுக்கு இறங்கியது. ஆறாம் நாள் ஒரு சாண். அலை நீள நீள, இழுப்பு குட்டையாகிறது; உலகத்தில் வேறு யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. பத்தாம் நாள் கொதிக்கும் தேநீரைத் தன் கையிலேயே ஊற்றிக்கொண்டு, ஹசன் அதைப் பார்த்தபடி நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நொடி. பிடித்து இழுத்திருக்கலாம்தான். ஆனால் சோதனை கெட்டுவிடுமே.

இயந்திரம் காரிலேயே இருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் கம்பி ஒட்டிவிட்டேன். நொடிக்கு ஏழு.

நேற்று வார்டில் அலை வரைந்த இரண்டு காகிதங்களையும் காட்டி, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கோபப்படவில்லை. என் மேல் அவ்வளவு மரியாதை. இப்போதாவது நம்புகிறீர்களா தம்பி என்று கேட்டேன். கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உரித்து நீட்டிய ஆரஞ்சை மறு கையால் வாங்கிக்கொண்டு சொன்னார்.

"ஆமாண்ணே, நீங்க சொன்னது நடந்துச்சு. கை எரியுதுன்னு தெரிஞ்சுச்சு. எடுக்கணும்னுதான் தோணல."